அறிபுனைக் கதைகளில் வரும் அறிவியலைப் பிள்ளைகள் கையாலேயே சோதித்துப் பார்க்க எதை வைக்கலாம்? (பெங்களூரு)

அல்சூர் வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூடத்தில் பிள்ளைகளுக்கான தமிழ் வாசிப்பு வட்டம் நடக்கிறது. எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் இருபது பேர். இந்த மாதம் முழுக்க அறிபுனைக் கதைகள் வாசித்தார்கள். கடைசிச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தக் கதைகளின் அறிவியலுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது நாலு காட்சிகளைப் பற்றித்தான்:

1. விண்வெளி நிலையம் சுழல்கிறது, உள்ளே இருப்பவர்கள் பூமியில் நடப்பதுபோல நடக்கிறார்கள்.
2. உடுப்பு இல்லாமல் வெளியே தள்ளப்பட்டவனின் இரத்தம் கொதிக்கிறது, கண்மூடித் திறப்பதற்குள் பனிக்கட்டியாகிறான்.
3. விண்கலம் வெடிக்கிறது, பக்கத்துக் கலத்தில் சத்தம் கேட்கிறது.
4. நட்சத்திரத்துக்குப் போய்த் திரும்பும் அப்பாவைவிட மகனுக்கு வயது அதிகமாகிவிடுகிறது.

"இது முடியும், இது முடியாது" என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு பொருளும், நோட்டில் எழுத ஓர் எண்ணும் கிடைக்க வேண்டும். கைவசம் இருப்பவை: சுழலும் ஆபீஸ் நாற்காலி, கீழே பூங்காவில் கையால் தள்ளிச் சுற்றிவிடும் ராட்டினம், ஒரு லேப்டாப், சில ஆண்ட்ராய்டு போன்கள். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? எங்கே சொதப்பும்?

---

பீன்யா சுழலி:

மேடம், நாலில் ஒன்றுக்குத்தான் நிறைய நேரம் தர முடியும் என்றால் முதலாவதற்குக் கொடுங்கள். கதாசிரியர் நிலையத்தின் ஆரத்தை மட்டும் எழுதிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அவர் எழுதிய காட்சி அந்த ஆரத்துக்குப் பொருந்துகிறதா என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடலாம்.

சூத்திரம் இது: முடுக்கம் = 39.5 × ஆரம் ÷ (ஒரு சுற்றுக்கான நொடி × அதே நொடி). பூமியின் ஈர்ப்பு முடுக்கம் 9.8. 39.5-ஐ 9.8-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4 வருகிறது. ஆகவே பூமியில் இருப்பதுபோன்ற எடை வேண்டுமானால், ஆரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் ஒரு சுற்றுக்கான நொடி. ஆரம் 100 மீட்டர் என்றால் 20 நொடி. 225 மீட்டர் என்றால் 30 நொடி. 900 மீட்டர் என்றால் 60 நொடி. 1975-ல் நாசாவின் ஏம்ஸ் மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய கோடைக்கால ஆய்வில் 10,000 பேர் வாழும் ஒரு வளைய நகரத்தை வடிவமைத்தார்கள். அதன் விட்டம் சுமார் 1.8 கி.மீ., நிமிடத்துக்கு ஒரு சுற்று. இந்தக் குறுக்குவழியில் போட்டாலும் அதே எண் வரும், பிள்ளைகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதைகளில் பெரும்பாலும் கலம் சிறியதாக இருக்கும். ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 6.3 நொடிக்கு ஒரு சுற்று, விளிம்பின் வேகம் நொடிக்கு 10 மீட்டர். இதற்குள் என்ன நடக்கும் என்று பாருங்கள்:

1.7 மீட்டர் உயரமுள்ளவரின் தலை மட்டத்தில் "ஈர்ப்பு" பாதத்தில் இருப்பதில் 83 சதவீதம்தான். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து பந்தைக் கைவிட்டால் அது நேர் கீழே விழாது, சுழற்சிக்கு எதிர்த்திசையில் 65 செ.மீ. தள்ளி விழும். சுழலும் திசையிலேயே நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடினால் மொத்த வேகம் 13, அதன் வர்க்கம் 169, பத்தால் வகுத்தால் 16.9. அதாவது எடை 1.7 மடங்கு. எதிர்த்திசையில் ஓடினால் 7-ன் வர்க்கம் 49, வகுத்தால் 4.9, எடை பாதி. ஒரே தாழ்வாரம்தான், போகும்போது கால் கனக்கும், வரும்போது மிதக்கும். 225 மீட்டர் நிலையத்தில் அதே பந்து 12 செ.மீ. மட்டுமே விலகும், ஓட்டத்தில் எடை 13 சதவீதம்தான் கூடும். கதையில் ஆட்கள் பந்து விளையாடினால் அந்த நிலையம் பெரியதாக இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

இனி சோதனைகள்.

நாற்காலி. பிள்ளையை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். ஒருவர் கைக்கடிகாரம் பார்த்தபடி 6 நொடிக்கு ஒரு சுற்று என்ற சீரான வேகத்தில் சுற்ற வேண்டும். அரை நிமிடம் கழித்துத் தலையை மெதுவாக ஒரு தோள்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். குப்புறக் கவிழ்வதுபோல ஓர் உணர்வு சட்டென்று வரும். உட்செவியின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவம் சீரான சுழற்சிக்குப் பழக 20 நொடிக்கு மேல் ஆகிறது. பழகியபின் தலையைச் சாய்த்தால் வேறொரு குழல் திடீரென்று சுழற்சிக்குள் வருகிறது, மூளை அதைக் கவிழ்வதாக எடுத்துக்கொள்கிறது. பிறகு 30 நொடிக்கு ஒரு சுற்றாகக் குறைத்து அதையே செய்யுங்கள். ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. இந்த உணர்வு சுழலும் வேகத்தைப் பொறுத்தது, ஆரத்தைப் பொறுத்ததல்ல. அதனால் 10 மீட்டர் கலத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறை தலையைத் திருப்பும்போதும் படப்போகும் பாட்டை அல்சூர் நாற்காலியிலேயே நேர்மையாகக் காட்டிவிடலாம். அமெரிக்கக் கடற்படை 1960-களில் பென்சகோலாவில் சுழலும் அறையில் ஆட்களை நாள்கணக்கில் தங்க வைத்துச் சோதித்ததும் இதற்காகத்தான். நிமிடத்துக்கு ஓரிரு சுற்று பெரும்பாலோருக்குப் பிரச்சினையில்லை, பத்துச் சுற்று மிகக் கடினம் என்று தெரிந்தது.

கவனம்: சாப்பிட்டவுடன் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். காது நோய், வலிப்பு, தலைசுற்றல் உள்ளவர்கள் கடிகாரம் பார்க்கட்டும். நிறுத்தியதும் எழக்கூடாது, ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ராட்டினம். போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள், ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. அதில் மையவிலக்கு முடுக்கத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. போனை ராட்டினத்தின் தளத்தில் படுக்கவைத்து, அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி அகலமான டேப்பால் ஒட்டுங்கள். யாரும் ஏறாமல் ஒருமுறை வேகமாகத் தள்ளிவிட்டு, அது தானாக நிற்கும்வரை பதிவு செய்யுங்கள். ஒரே தள்ளலில் எல்லா வேகங்களுக்கும் அளவு கிடைத்துவிடும். 4 நொடிக்கு ஒரு சுற்றில் முடுக்கம் 3 அருகில் வர வேண்டும், 3 நொடிக்கு ஒரு சுற்றில் 5.3. கோண வேகத்தின் வர்க்கத்துக்கு எதிரே முடுக்கத்தை வரைந்தால் நேர்கோடு, அதன் சாய்வுதான் ஆரம். அளவுநாடாவால் அளந்த ஆரத்துக்கும் கோடு சொல்லும் ஆரத்துக்கும் சில செ.மீ. வித்தியாசம் வந்தால், போனுக்குள் உணரி எந்த மூலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

சொதப்பும் இடங்கள்: விலை குறைந்த போன்கள் பலவற்றில் ஜைரோஸ்கோப் (சுழலும் வேகத்தை அளக்கும் உணரி) கிடையாது, முந்தின நாளே திறந்து பாருங்கள், ஆதரவில்லாத சோதனைகள் மங்கலாகத் தெரியும். ராட்டினத்தின் அச்சு சாய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அலை மாதிரி ஏற்ற இறக்கம் வரும், நாலைந்து சுற்றுகளின் சராசரியை எடுங்கள். பதிவை நிற்கும் நிலையிலிருந்தே தொடங்குங்கள். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும்போது தொடங்கினால் ஈர்ப்பைக் கழிக்கும் கணக்கில் போன் தடுமாறும்.

நேரம் இருந்தால் ராட்டினத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு பந்தை உருட்டி, மாடி பால்கனியிலிருந்து ஒரு போனிலும் ராட்டினத்தோடு சுழலும் இன்னொரு போனிலும் படம் எடுங்கள். மேலிருந்து ஏறக்குறைய நேர்கோடு, உள்ளிருந்து வளைவு. இரண்டையும் லேப்டாப்பில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் 65 செ.மீ. எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

விண்வெளியில் இது உண்மையிலேயே செய்யப்பட்டிருக்கிறது. 1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலத்தை 30 மீட்டர் கயிற்றால் இன்னொரு கலத்தோடு பிணைத்து மெல்லச் சுழற்றினார்கள். கிடைத்தது பூமி ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குதான். மனிதர் வாழும் அளவுக்குச் சுழலும் நிலையம் இன்னும் கட்டப்படவில்லை.

---

வெற்றிடம்:

இரண்டாவது காட்சிக்கு நான். மெடிக்கல் ஷாப்பில் 20 மி.லி. சிரிஞ்சுகளும் (ஊசி வேண்டாம்) அதன் முனையில் மாட்டும் த்ரீ வே ஸ்டாப்காக்கும் (திருகித் திறந்து மூடும் சிறு பிளாஸ்டிக் குழாயடைப்பு) வாங்கினால் போதும். பெரிய சிரிஞ்சு வாங்காதீர்கள். 20 மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனை முழு வெற்றிடத்துக்கு எதிராக இழுக்கச் சுமார் 3 கிலோ விசை போதும், 50 மி.லி.-க்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எட்டாவது படிக்கும் பிள்ளைக்குக் கை நடுங்கும்.

தொடக்கத்தை நம் ஊரிலேயே வைக்கலாம். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான், தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் 100. இன்னும் மேலே போகப் போக இது இறங்கிக்கொண்டே வந்து, சுமார் 19 கி.மீ. உயரத்தில் அழுத்தம் 6.3 கிலோபாஸ்கல் ஆகும்போது, தண்ணீர் 37 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டில், கொதிக்கிறது. ஆம்ஸ்ட்ராங் எல்லை என்று இதைச் சொல்வார்கள், நிலவுக்குப் போனவர் அல்ல, ஹாரி ஆம்ஸ்ட்ராங் என்ற விமானப்படை மருத்துவர்.

செய்முறை: தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி வைத்து 50 டிகிரிக்கு ஆறவிடுங்கள். முன்கூட்டிக் கொதிக்க வைப்பதுதான் இதில் உயிர்நாடி. சாதாரணக் குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், பிஸ்டனை இழுத்ததும் முதலில் வருவது அந்தக் காற்றுக் குமிழிகள்தான், பிள்ளைகள் அதைக் கொதிப்பு என்று நம்பிவிடுவார்கள். சிரிஞ்சில் 5 மி.லி. உறிஞ்சி, முனையை மேலே பிடித்துத் தட்டி, ஒரு குமிழிகூட இல்லாமல் வெளியேற்றி, ஸ்டாப்காக்கை மூடுங்கள். பிறகு பிஸ்டனை 20 வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர் குபுகுபுவென்று கொதிக்கும். தொட்டுப் பார்த்தால் சூடு ஏறவே இல்லை. விட்டதும் பிஸ்டன் "டக்" என்று திரும்பி வந்து மோதும்.

கொதித்ததா, காற்றா என்று பிரித்தறிய ஒரு வழி: பிஸ்டன் திரும்பியபின் உள்ளே பாருங்கள். நீராவி என்றால் ஒன்றுமே மிஞ்சாது. சிறு குமிழி ஒன்று நின்றால் அது கரைந்திருந்த காற்று, அல்லது ரப்பர் வளையம் கசிகிறது. அடுத்து 37 டிகிரித் தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள், கொதிப்பு மெதுவாக இருக்கும், ஆனால் இருக்கும். விரலால் முனையை அடைக்க விடாதீர்கள், தோல் உள்ளே இழுபடும், காற்றும் புகும்.

இனி கதைக்கு வருவோம். நாக்கின் எச்சில், கண்ணின் ஈரம் எல்லாம் கொதிக்கும். 1966 டிசம்பரில் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் விண்ணுடுப்பைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்லாங்க்கின் குழாய் கழன்றது. சுமார் 14 நொடியில் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் குமிழிவிட்டதே தன் கடைசி நினைவு என்றார். உடனே காற்றை நிரப்பினார்கள், பிழைத்தார். இரத்தம் மட்டும் அப்படிக் கொதித்துவிடாது, இரத்தக்குழாய்ச் சுவர்கள் அதை அழுத்தத்தில் பிடித்திருக்கின்றன. தோலுக்கடியில் உள்ள நீர் ஆவியாகி உடம்பு வீங்கும். 1960-ல் ஜோசப் கிட்டிங்கர் 31 கி.மீ. உயரத்துக்குப் பலூனில் ஏறியபோது வலது கையுறையில் அழுத்தம் போய், கை வீங்கிச் செயலிழந்தது. தரைக்கு வந்து சில மணி நேரத்தில் சரியானது. உண்மையான ஆபத்து மூளைக்கு ஆக்சிஜன் போகாததும், மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழிவதும். கதாநாயகன் ஆழமாக மூச்சிழுத்துப் பிடித்துக்கொண்டு குதித்தால் அந்தப் பக்கத்தில் பிழை.

பனிக்கட்டியாவது? கணக்கு போடுங்கள். வெற்றிடத்தில் வெப்பத்தை எடுத்துச்செல்லக் காற்று இல்லை, கதிர்வீச்சு ஒன்றுதான் பெரிய வழி. தோலின் பரப்பு 1.8 சதுர மீட்டர், மேல்தோல் வெப்பநிலை 33 டிகிரி என்றால் இழப்பு சுமார் 870 வாட். 70 கிலோ உடம்பு ஒரு டிகிரி குளிர 245 கிலோஜூல் போக வேண்டும். வகுத்தால் 280 நொடி, ஒரு டிகிரிக்கு நாலரை நிமிடத்துக்கு மேல். ஈரமான வாயும் கண்ணும் மட்டும் ஆவியாதலால் சீக்கிரம் குளிரும். முழு உடம்பும் உறைய மணிக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது காட்சியை (சத்தம்) விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. கைப்பம்பு வைத்த சமையலறை வெற்றிடப் பெட்டிகளில் கணிசமான காற்று மிச்சமிருக்கும். சத்தம் குறைகிறதே தவிர நிற்காது. "காற்றில்லை, சத்தமில்லை" என்று சொல்லிவிட்டு லேசாகச் சத்தம் கேட்பதைக் காட்டினால் எதை நம்புவார்கள்?

---

எஸ்.பி. ரோடு பஸர்:

வெற்றிடம் சார் சொல்வது சரி, ஆனால் அந்த மிச்சச் சத்தத்தையே பாடமாக்கலாம். எஸ்.பி. ரோட்டில் 9 வோல்ட் பியசோ பஸர், பேட்டரி, கிளிப் வாங்கி இணைத்து, பெட்டிக்குள் மெல்லிய நூலில் தொங்கவிடுங்கள். காற்றை இழுக்கும்போது சத்தம் தெளிவாகக் குறையும். அதே அழுத்தத்தில் பெட்டியை மெதுவாகச் சாய்த்து பஸர் சுவரைத் தொடும்படி செய்தால் சத்தம் சட்டென்று கூடும். திடப்பொருள் வழியாக வருவது அது. விண்வெளியிலும் இப்படித்தான்: பக்கத்துக் கலம் வெடித்தால் அந்த ஓசை வெளி வழியே வராது, சிதறல் வந்து நம் கலத்தின் மேல் மோதினால் அந்த மோதல் உள்ளே கேட்கும். இரண்டு வீரர்கள் தலைக்கவசத்தை ஒட்டிக்கொண்டால் பேசிக்கொள்ளலாம்.

சத்தம் குறைவதற்குக் காரணத்தையும் சரியாகச் சொல்லுங்கள். காற்று மெலிய மெலிய, பஸர் அதைத் தள்ளும் அழுத்தம் குறைகிறது, மெலிந்த காற்றிலிருந்து கெட்டியான சுவருக்கு ஒலி ஏறுவதும் கடினமாகிறது. முழுதாகக் காற்று போகும் முன்பே பாதி வேலை இதிலேயே நடந்துவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கை. கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம். 15 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் முழு வெற்றிடத்தில் 160 கிலோவுக்கு மேல் அழுத்தும், கண்ணாடி உள்வாங்கி நொறுங்கும். வெற்றிடத்துக்கென்றே செய்த தடித்த பிளாஸ்டிக் பெட்டி மட்டும். பஸருக்குப் பதில் போனை உள்ளே வைக்காதீர்கள், அதன் லித்தியம் பேட்டரி மெல்லிய உறைக்குள் இருக்கிறது, வீங்கிவிடும்.

---

அல்சூர் வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. நாற்காலி, ராட்டினம், சிரிஞ்சு மூன்றும் உறுதி. பஸரைப் பத்து நிமிடத்துக்கு வைக்கிறேன். நாலாவது காட்சிக்கு யாராவது கைகொடுங்கள். பிள்ளைகள் அதிகம் வாதாடுவது அப்பா, மகன் வயதைப் பற்றித்தான். அதற்குத் தொட்டுப் பார்க்க ஏதாவது உண்டா, வெறும் கணக்குதானா?

---

கோலார் மியூவான்:

இரண்டும் உண்டு அம்மா. முதலில் கணக்கு.

வேகத்தை ஒளிவேகத்தின் பின்னமாக எழுதுங்கள். அதன் வர்க்கத்தை 1-லிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால், பூமியில் ஓர் ஆண்டு போகும்போது கலத்தில் எவ்வளவு போகிறது என்று வரும். 0.99 என்றால் வர்க்கம் 0.9801, கழித்தால் 0.0199, மூலம் 0.141. அப்பாவுக்கு 35, மகனுக்கு 10. 15 ஒளியாண்டு தொலைவிலுள்ள நட்சத்திரத்துக்குப் போய்த் திரும்பப் பூமியில் 30.3 ஆண்டு, கலத்தில் 4.3. அப்பா 39 முடிந்து வருகிறார், மகனுக்கு 40. கதை சொன்னது நடந்துவிட்டது.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள், சுவாரசியம் இதற்குப் பிறகுதான். அந்தக் கணக்கில் கலம் ஒரே கணத்தில் 0.99-ஐ எட்டிவிடுகிறது, உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார். உடம்பு தாங்கும்படி, பூமி ஈர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் பாதி வழி வேகமெடுத்து மீதி வழி அதே அளவில் வேகம் குறைத்தால், ஒருவழிப் பயணம் கலத்தில் 5.5 ஆண்டு, பூமியில் 16.8. போய் வர 11.1-ம் 33.7-ம். அப்பாவுக்கு 46, மகனுக்கு 43 முடிந்து சில மாதம். அப்பாதான் இன்னும் மூத்தவர்! கதாசிரியர் இன்னும் தொலைவிலுள்ள நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எவ்வளவு தொலைவு என்று பத்தாம் வகுப்புக்காரர்கள் லேப்டாப்பில் தேடட்டும்.

அடுத்து எரிசக்தி. 1 கிலோவை ஒளிவேகத்தின் 0.99-க்குக் கொண்டுபோக 15,000 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். இந்தியா முழுவதும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உற்பத்தியாகும் மின்சாரம் அது. ஒரே கிலோவுக்கு, அதுவும் வேகமெடுக்க மட்டும். நிறுத்த, திரும்பக் கிளம்ப, மறுபடி நிறுத்த என்று இன்னும் மூன்று முறை. எதிரே வரும் 1 மில்லிகிராம் தூசி அந்த வேகத்தில் மோதினால் 130 டன் டி.என்.டி. வெடித்ததற்குச் சமம். பிரிட்டிஷ் கோள்களிடைச் சங்கம் 1973 முதல் 1978 வரை முனைந்து வரைந்த டீடலஸ் திட்டம், 54,000 டன் கலத்தில் 50,000 டன் எரிபொருளை ஏற்றியும், 450 டன் சரக்கை ஒளிவேகத்தின் 12 சதவீதத்துக்குத்தான் கொண்டுபோயிருக்கும், அதுவும் நிற்காமல் கடந்துபோகும் ஆளில்லாக் கலம். அந்த வேகத்தில் 50 ஆண்டு போனாலும் மிச்சமாகும் காலம் நாலு மாதம் சொச்சம்.

தொட்டுப் பார்க்க: மேகப் பெட்டி, அதாவது கண்ணுக்குத் தெரியாத துகள் போன தடத்தை ஆவித்துளிக் கோடாகக் காட்டும் பெட்டி. காலம் மெதுவாவதற்குச் சாட்சியான துகள்கள் நம் தலைமேல் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. காஸ்மிக் கதிர்கள் சுமார் 15 கி.மீ. உயரத்தில் காற்றோடு மோதி மியூவான்களை (எலக்ட்ரான் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான, சீக்கிரம் சிதையும் துகள்கள்) உண்டாக்குகின்றன. நின்றிருக்கும் மியூவான்களில் பாதி 1.5 மைக்ரோ நொடியில் சிதைந்துவிடும். ஒளிவேகத்தில் வந்தாலும் அதற்குள் 460 மீட்டர்தான் கடக்க முடியும். 460 மீட்டருக்கு ஒருமுறை பாதியானால் 15 கி.மீ.-க்கு 33 முறை பாதியாகும், 800 கோடிக்கு ஒன்று தரை சேர்ந்தால் பெரிது. ஆனால் கடல்மட்டத்தில் ஒரு சதுர செ.மீ.-க்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் வருகின்றன. அவற்றின் வேகத்தில் காலம் சுமார் 40 மடங்கு மெதுவாவதால்தான் வந்து சேர முடிகிறது. எவ்வளவு ஊடுருவும் என்றால், 1965-ல் கோலார் தங்கவயலில் நியூட்ரினோவைப் பிடிக்க, இவற்றை வடிகட்டுவதற்காகவே பூமிக்கடியில் 2 கி.மீ.-க்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இன்றும் இவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறது.

வேண்டியவை: 20 செ.மீ. அளவு தெளிந்த பிளாஸ்டிக் பெட்டி, அதன் வாயை மூடும் கறுப்பு அலுமினியத் தகடு, கம்பளித் துணிப்பட்டை, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 50 மி.லி., உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) 2 கிலோ, பளிச்சென்ற எல்.இ.டி. டார்ச். துணிப்பட்டையைப் பெட்டியின் அடிப்பாகத்தில் உள்பக்கமாக ஒட்டி ஆல்கஹாலில் ஊற வையுங்கள். தகட்டால் மூடி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி, கவிழ்த்து, தகடு உலர்பனிமேல் படும்படி தெர்மோகோல் தட்டில் வையுங்கள். இப்போது துணி மேலே, குளிர்ந்த தகடு கீழே. அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டிய உயரத்தில் பிடியுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் தகட்டுக்கு மேல் ஒரு செ.மீ. உயரத்தில் தூறல் மாதிரித் தெரியும். அதில் கோடுகள் விழத் தொடங்கும். மெல்லிய, நீண்ட, நேரான கோடு பெரும்பாலும் மியூவான். குட்டையாகத் தடித்தது காற்றிலுள்ள ரேடானிலிருந்து வரும் ஆல்ஃபா. வளைந்து நெளிந்து போவது எலக்ட்ரான். நேர் மேலிருந்து வருபவை புள்ளியாகத்தான் தெரியும், சாய்ந்து வருபவையே நீளக் கோடு போடும்.

கோடே தெரியவில்லை என்றால் காரணம் இவற்றில் ஒன்று: சானிடைசர் தரத்து 70 சதவீத ஆல்கஹால் வாங்கியிருப்பீர்கள் (தண்ணீர் கலந்தது, வேலை செய்யாது), டேப் வழியே காற்று கசிகிறது, மூடுபனி அலைபாயும், உலர்பனி கட்டியாக இருந்து தகட்டைச் சில இடங்களில் மட்டும் தொடுகிறது, சுத்தியலால் பொடியாக்கிப் பரப்புங்கள், அல்லது டார்ச்சை மேலிருந்து பிடித்திருக்கிறீர்கள்.

---

அல்சூர் வாசகி:

மிக அருமை. உலர்பனியை முதல் நாளே வாங்கி வைக்கலாமா? கூடத்தில் மின்விசிறி போடலாமா?

---

கோலார் மியூவான்:

அன்று காலையே வாங்குங்கள், தெர்மோகோல் பெட்டியில் வைத்தாலும் ஒரு நாளில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், பயனில்லை, உலர்பனி மைனஸ் 78 டிகிரி. பெட்டியின் மூடியை இறுக்கி ஒட்டாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். காரில் கொண்டுவரும்போது ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி வையுங்கள். கையாள்வது பெரியவர் ஒருவர் மட்டும், தடித்த துணிக் கையுறையோடு. உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

கூடத்தின் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், வெளிச்சம் வராமல் திரை மட்டும் போடுங்கள். மின்விசிறி மேகப் பெட்டியைத் தொந்தரவு செய்யாது, ஆனால் ஆல்கஹால் பக்கத்தில் நெருப்பு, அடுப்பு எதுவும் கூடாது. சிரிஞ்சுக்குத் தண்ணீர் காய்ச்சுவதை வேறு அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேகப் பெட்டியை நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டு, நாற்காலிச் சோதனை முடிந்தபின் வந்து பாருங்கள், அதற்குள் தயாராகியிருக்கும். மிச்சமாகும் உலர்பனியைப் பாட்டிலில் அடைத்தோ சிங்க்கில் கொட்டியோ வைக்காதீர்கள். பாட்டில் வெடிக்கும், சிங்க்கின் குழாய் விரிசல் விடும். மொட்டைமாடியில் பிள்ளைகள் போகாத இடத்தில் திறந்த தட்டில் வைத்துவிட்டால் தானே போய்விடும்.